சேஷனுக்கென்று வைத்த கங்கை

ருக்கு அந்தச் செப்புச் சொம்பைத் தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் பைக்குள் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டுதான் காரில் ஏறினாள். எதற்கு எடுத்து வருகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. வீட்டில் இனிமேல் அது இருக்கக் கூடாது. அவ்வளவுதான் தெரிந்தது.

ஹரித்வாரில் வாங்கிய கங்கை. வாயை ஈயம் வைத்து அடைத்திருந்தது. தலைநகரில், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில், பூஜை அலமாரியில், பல வருஷம் யாரையும் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருந்தது. போன மார்கழியில் அவள் கணவர் சேஷனுக்கு நெஞ்சுவலி வந்தது. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்று, ருக்கு வீட்டுக்கு ஓடிப்போய் அதை எடுத்துவந்து பையோடு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் வைத்தாள். கடைசியாக அவர் வாயில் விட. மறுநாள் காலையில் சேஷன் கண்ணைத் திறந்து காபி கேட்டார்.

பிழைத்துவிட்டார். எழுந்து நடமாடினார், ஆபீஸ் போனார், ரசத்தில் உப்புப் போதாது என்றார். சொம்புதான் அவளை விடவில்லை. மறுபடி சுவாமி பக்கத்தில் வைக்க மனம் வராமல் துவரம்பருப்பு டின்னுக்குப் பின்னால் ஒளித்தாள். பருப்பெடுக்கக் கை நீட்டும்போதெல்லாம் விரலில் சில்லென்று பட்டது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வந்து வாசலில் நிற்கிற ஆள் மாதிரி. தினமும் சுவாமிக்கு நன்றி சொன்னாள். சொல்லும்போதே பயந்தாள்.

மெஹ்ரோலிக்கு அப்பால், விறகுக்காக வெட்டி மொட்டையாக்கிய குன்றில் மறுபடி காடு வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, "டாக்டர் நடக்கச் சொன்னாரே, அங்கே போய் நடக்கறேன்" என்று ஆரம்பித்தவர் சேஷன். இப்போது, காலேஜில் படிக்கும் மகள் மாதங்கி கார் ஓட்ட, மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனார்கள். ஆடி பிறந்தும் மழை ஏமாற்றியதால், நடுகிறவர்களே வீட்டிலிருந்து கேன்களில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

சேஷனை அதிகம் குனிய விடுவதில்லை. அன்று அவர் தரையில் உட்கார்ந்து, ஒரே ஒரு பலாசங்கன்றை நிதானமாக நட்டார்.

"ஹோமத்துக்குச் சமித்துன்னு ஒடிச்சுத்தான் பழக்கம். நடறது இதான் முதல் தடவை" என்று மண்ணைத் தட்டிவிட்டார்.

மாதங்கி கேனைக் கவிழ்த்து உதறினாள். "பானி கதம் அம்மா. இருந்த தண்ணியை எல்லாத்துக்கும் விட்டாச்சு, அப்பாவோடதுக்கு மட்டும் இல்லை. டேங்கர் நாளைக்குத்தான் வருமாம்."

கன்றின் இலைகள் அதற்குள் தொங்கிவிட்டிருந்தன. நாளை வரை தாங்காது. ருக்கு காருக்குப் போய்ப் பையிலிருந்து சொம்பை எடுத்துவந்தாள்.

சேஷன் அதை ஏற இறங்கப் பார்த்தார். "என்னடி, என் தண்ணியை எடுத்துண்டு வந்துட்டே?"

ருக்கு சொம்பை இறக்கிப் பிடித்தாள். "உங்களுக்கு… தெரியுமா?"

"பையிலேர்ந்து மூக்கை நீட்டிண்டுன்னா இருந்தது! கண்ணைத் தொறந்தா எதிர்ல அது. அதான் அவசர அவசரமா காபி கேட்டேன். விட்டா ஊத்திடுவியோன்னு."

மாதங்கி பக்கென்று சிரித்துவிட்டாள். ருக்குவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதம் தனியாகச் சுமந்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்ததை, அந்தப் பக்கம் இவரும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன்னா, இதையும் கொட்டிட்டா, நாளைக்கு ஒண்ணுன்னா நம்மாத்துல ஒரு சொட்டு இருக்காதே."

"இல்லாட்டா என்ன? அன்னிக்கும் காபியே குடு."

 அவள் அவர் கையிலிருந்த, மண் கிளறும் குர்ப்பியை வாங்கி, அதன் முனையால் ஈயத்தை நெம்பினாள். மூடி லேசில் வரவில்லை. வந்ததும் செம்பு வாசனை அடித்தது. கன்றின் அடியில் மெதுவாக ஊற்றினாள். மண் கருத்து, சின்னச் சின்னக் குமிழி விட்டுக் குடித்தது. கடைசித் துளி வரை கவிழ்த்துப் பிடித்திருந்தாள். பிழைக்க வைத்தாயே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். இந்தத் தடவை அதற்குப் பின்னால் பயம் வரவில்லை. வருகிறதா என்று காத்திருந்துகூடப் பார்த்தாள்.

"இந்த லோட்டாவை என்ன பண்றது?" என்றாள் மாதங்கி.

"கொண்டா. அடுத்த வாரம் இதுலயும் தண்ணி எடுத்துண்டு வரலாம்" என்று ருக்கு கை நீட்டினாள்.

கார் கிளம்பியது. காலிச் சொம்பு கேன்களுக்கு நடுவில் உருண்டு சத்தம் போட்டது.

"போற வழியில ஐ.என்.ஏ. மார்க்கெட்ல நிறுத்துடி" என்றாள் ருக்கு. "காபிப்பொடி தீரப்போறது."