முதிரைக் கதவு

சீதேவி தயிர்ச் சட்டியைப் பலகையில் வைத்தாள். வலது கை சட்டியைப் பிடித்திருந்தது. இடது கை விளிம்பைப் பிடிப்பதுபோலப் பலகையின் அடியில் போனது. விரல்கள் தேடின. முதலில் சொரசொரப்பு, பிறகு ஓர் ஆணித் துளை, பிறகு கீறல். கீறலின் மேல் நடுவிரலை வைத்தாள். ஆமிக்காரன் ஒரு சைக்கிள் கம்பியைத் தயிருக்குள் விட்டு இங்கும் அங்கும் குத்திப் பார்த்தான். கம்பியைக் காற்சட்டையில் துடைத்தான். போகலாம் என்று தலையை ஆட்டினான். அவள் உடனே போகவில்லை.

பின்னால் நின்ற ஆச்சிப்பிள்ளை முணுமுணுத்தாள்.

"உறை ஊத்தித் துவக்குங் குண்டும் வளர்க்கம் எண்டு நினைக்கான் போல. நீ நகருகா மச்சாள். வெயில் ஏறுது."

வவுணதீவுச் சென்றியில், ஆமியின் காவலரணில், சாமான்களைப் பரிசோதிக்கும் மேசை அது. இரண்டு தார்ப் பீப்பாக்களின் மேல் படுக்கப்போட்ட பலகை. நகரத்துக்குப் போகிறவர்கள் விறகு, தயிர், கோழி, எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் பாலத்துக்குப் போகவேண்டும். வெகுகாலம் ஒரு நீலப் பொலித்தீன் விரிப்பு அதை மூடியிருந்தது. எல்லாரையும்போல அவளும் சட்டியை வைத்தாள், எடுத்தாள். போன கிழமை கச்சான் காற்று விரிப்பைக் கிழித்து வாவிக்குள் போட்டது. மறுநாள் பலகை வெறுமையாகக் கிடந்தது. முதிரை மரம். நடுவில் செதுக்கிய தாமரை. தாமரையில் ஓர் இதழ் இல்லை. அவளுடைய கல்யாணத்துக்கு நெல் மூட்டை இறக்கியவர்கள் வாசற்கதவில் இடித்து உடைந்த இதழ்.

சென்றிக்குப் பின்னால் மண் அணை. அதற்கும் பின்னால், இப்போது முகாம் இருக்கும் இடத்தில், அவளுடைய வீடு இருந்தது. தொண்ணூறில் சண்டை வந்தபோது ஓடினார்கள். ஓடும்போது வெற்றிலை வட்டாவையும் ஒரு கிடாரத்தையும் எடுத்தாள். வட்டா வழியிலேயே அரிசியாக மாறியது. கதவைப் பூட்டிவிட்டுத்தான் ஓடினாள். அதை நினைத்தால் இப்போது சிரிப்பு வந்தது. சுற்றியிருந்த வீடுகளின் மரமெல்லாம் பங்கருக்குப் போனதாகச் சொன்னார்கள். தன் கதவும் மண்ணுக்குள் போயிருக்கும் என்று நினைத்திருந்தாள்.

அந்த வீட்டை அவளுக்குத் தாய் கொடுத்தாள். வீடு பெண்பிள்ளைக்குப் போகும். ஆண்பிள்ளை மனைவியின் வீட்டுக்குப் போவான். அதில் பேச ஒன்றுமில்லை. வருகிற ஆவணியில் மகள் யோகமலருக்குக் கல்யாணம். ஆச்சிப்பிள்ளையின் மகன்தான் மாப்பிள்ளை. புருஷன் கதிர்காமத்தம்பி வட்டையோரம், வயல்வெளி முடிகிற இடத்தில், களிமண்ணில் ஒரு வீடு எழுப்பியிருந்தார். கிடுகுக் கூரை. வாசலில் சாக்குத் தொங்கியது. ஆச்சிப்பிள்ளை அவருடைய தங்கை. வந்து பார்த்தாள். என்ட அண்ணன் கட்டின வீடு, இது போதும் என்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்படவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

கீறல் வேறு கதை. அது கதவின் உட்பக்கம். மகன் இராசதுரை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடம் ஆணியால் தன் பேரைக் கீறினான். 'இராசது' வரை வந்தபோது அவள் கண்டாள். ஈர்க்குக்கட்டால் அடித்தாள். மிச்சத்தை அவன் கீறவில்லை. வளர்ந்து, இரண்டு வருடத்துக்கு முன் வயலில் சூடடிப்பு முடிந்த கையோடு இயக்கத்துக்குப் போனான். பிறகு செய்தி இல்லை. சுற்றிவளைப்பு வரும் என்று கதிர்காமத்தம்பி அவனுடைய சட்டைகளை எரித்தார். பள்ளிக்கூடத்தில் எடுத்த படத்தையும் எரித்தார். சென்றியில் குடும்ப விபரம் பதிந்தபோது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். ஒன்று, பொம்பிளைப் பிள்ளை என்று சீதேவி சொன்னாள். அவன் இருந்தான் என்பதற்கு வீட்டில் ஒரு துரும்பும் இல்லை. ஆமியின் மேசைக்கு அடியில் இருந்தது.

அந்தக் கிழமை அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் புதுவீட்டு வாசலுக்குப் போவாள். சாக்கை ஒதுக்கிவிட்டு இரண்டு கையையும் விரித்து அளப்பாள். திரும்பி வரும்போது பால் பொங்கி வழிந்திருக்கும். எருமைகள் பால் குறைத்த ஒருநாள் பக்கத்து வீட்டில் ஒரு சட்டித் தயிர் இரந்து எடுத்துக்கொண்டு சென்றிக்கு நடந்தாள். கதிர்காமத்தம்பி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவுக்கெண்டு ஒரு வீடு கட்டப் போறியோ?"

"வீட்டுக்குத்தான் கதவு."

"ஆமிட்டப் போய் என்னண்டு கேப்பாய்? உங்கட மேசையத் தாங்க எண்டோ?"

"உசனார் காக்கா சிங்களம் கதைப்பார். அவரக் கொண்டு கேப்பன்."

அவர் பீடியைக் காலால் நசுக்கினார்.

"அதுக்கு அடியில என்ன கிடக்கெண்டு தெரியுந்தானே உனக்கு."

"மேல தாமரை கிடக்கு. அதக் காட்டினாப் போதும்."

உசனார் காத்தான்குடி முஸ்லிம், தயிர் வியாபாரி. முன்பெல்லாம் அவளுடைய முற்றத்துக்கே வந்து தயிர் வாங்குவார். சைக்கிளை அந்தக் கதவில் சாத்திவைத்து அவளிடம் ஏச்சு வாங்குவார். தொண்ணூறில் இரண்டு சனத்துக்கும் நடுவில் வெட்டுக்கொத்து நடந்த பிறகு வாவியின் இந்தப் பக்கம், படுவான்கரைக்குள், வருவதில்லை. சென்றியின் பாலத்துப் பக்கம் நிழலில் நின்று, பரிசோதனை முடிந்து வரும் தயிரை வாங்கிக்கொண்டு போவார். இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் எதுவும் விசாரிப்பதில்லை. தயிரைப் பற்றி மட்டும் பேசுவார்கள்.

"காக்கா, அந்த மேசையப் பாருங்க," என்றாள்.

அவர் பார்க்கவில்லை. "சீலை பறந்த அண்டைக்கே கண்டுட்டன் புள்ள."

"கண்டுட்டுச் சொல்லல்லியே."

"செல்லி என்ன செய்ற?"

"கேட்டுத் தாங்க. அதுக்குப் பதிலா வேற பலகை கொண்டாந்து போடுறம். புள்ளைக்குக் கலியாணம்."

"என்ட தாடியப் பார்த்துக் கதவத் தருவானெண்டு ஆருகா உனக்குச் சொன்ன?" என்றார். ஆனால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூடவே வந்தார்.

சென்றிக்குப் பொறுப்பான கோப்ரல் வயதான மனிதர். தயிர்ப் பிரியர். சில நாட்களில் ஒரு சட்டியை வாங்கி, சீனி போட்டு நின்றபடியே சாப்பிடுவார். உசனார் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். கோபப்படவில்லை. சீதேவியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ஏதோ சொன்னார்.

"அடையாளம் கேக்கார்," என்றார் உசனார்.

அவள் தாமரையைக் காட்டினாள். இல்லாத இதழைக் காட்டினாள். கோப்ரல் சிரித்தார். பலகையைத் தட்டிக்கொண்டு நீளமாகச் சொன்னார்.

"அது இதால போற எல்லாருக்கும் தெரியுமாம். அடியில என்ன இரிக்கெண்டு செல்லட்டுமாம். சரியாச் செல்லிட்டா தருவாராம்." உசனார் குரலைத் தாழ்த்தினார். "பகிடியில்ல புள்ள. இவர் தரக்கூடிய ஆள்."

அவளுக்கும் அது தெரிந்தது. கோப்ரல் புதிர் போட்ட மாமனைப்போல மீசைக்குள் சிரித்தபடி நின்றார். இளம் ஆமிக்காரன் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். வரிசை நின்றுவிட்டது. ஆச்சிப்பிள்ளை மூச்சு விடுவது பின்கழுத்தில் பட்டது. இராசதுரை இயக்கத்துக்குப் போனது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுபோல ஆச்சிப்பிள்ளைக்கும் தெரியும். ஒரு பேர் கீறிக் கிடக்கு என்று சொன்னால் போதும். கதவு வீட்டுக்கு வந்துவிடும். யாருடைய பேர், அவன் எங்கே என்ற கேள்விகளும் கதவோடு சேர்ந்து வீட்டுக்கு வரும். யோகமலர் சாக்கை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள்.

இடது கை தன்பாட்டில் பலகையின் அடிக்குப் போயிருந்தது. அதை வெளியே எடுத்தாள்.

"இது எங்கட கதவில்ல," என்றாள். "பிழையா நினைச்சிட்டன் எண்டு சொல்லுங்க காக்கா."

உசனார் சொன்னார். கோப்ரலின் சிரிப்பு போகவில்லை. ஆனால் அவருக்கு இப்போது பார்க்கவேண்டும் போலிருந்தது. கையைக் காட்டினார். இரண்டு ஆமிக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பலகையைப் புரட்டிப் போட்டார்கள். புழுதி எழும்பியது. குளவிக்கூடு ஒன்று உடைந்து விழுந்தது. வெயில் படாத மரம் புதிதுபோல மஞ்சளாக இருந்தது. ஒரு மூலையில், கோணல்மாணலாக, 'இராசது'. அவள் நினைத்திருந்ததைவிடச் சின்ன எழுத்துகள்.

கோப்ரல் குனிந்து பார்த்தார். தமிழ் தெரியாதவர். உசனாரைப் பார்த்தார். உசனார் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, துடைத்து, போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல நின்றார். அந்தக் கதவடியில் அவருடைய சைக்கிள் மணியை அடித்து அடித்து உடைத்தவன் யார் என்று அவருக்குத் தெரியாமலில்லை. நிமிர்ந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். கோப்ரல் சீதேவியைக் காட்டி ஒன்று கேட்டார்.

"தச்சன் தன்ட பேரப் போட்டிரிக்கான் எண்டு செல்லிட்டன்," என்றார் உசனார், அவளைப் பார்க்காமல். "அந்தத் தச்சன உனக்குத் தெரியுமா எண்டு கேக்கார்."

"தெரியா," என்றாள்.

கோப்ரல் உள்ளங்கையால் மரத்தைத் தடவினார். இந்தப் பக்கம் செதுக்கல் இல்லை. சட்டி ஆடாமல் நிற்கும். அப்படியே இருக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டுக் கூடாரத்துக்குள் போனார். வரிசை நகர்ந்தது.

அன்றைக்குத் தயிரெல்லாம் விற்றது. திரும்பி வரும்போது பாலத்தில் காற்று அடித்தது. வெறும் சட்டிகள் ஒன்றோடொன்று முட்டின. பாதிப் பாலத்தில் ஆச்சிப்பிள்ளை பேச்சுக் கொடுத்தாள்.

"சாக்கு நல்லதுகா மச்சாள். காத்து வரும்."

"ம்."

"என்ட மவன் பொம்பிளைக்குத்தானே தாலி கட்டப் போறான். கதவுக்கில்லையே."

மறுநாள் சீதேவி இருட்டோடு புறப்பட்டாள். சென்றி திறக்குமுன் வழியை மறித்த குறுக்குத் தடியண்டை போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது. விறகுக்காரர்கள், தயிர்க்காரிகள், மருந்துக்குப் போகிறவர்கள், எல்லாரும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள். முகமூடி போட்டு இயக்கத்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறவனைச் சில நாட்களில் ஆமிக்காரர்கள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவனும் தமிழ் படித்தவன். தடி உயர்ந்ததும் அவள் நேரே போய்ச் சட்டியை அந்த மூலையில் வைத்தாள். பேர் மறைந்தது. இளம் ஆமிக்காரன் கம்பியை விட்டான், எடுத்தான், துடைத்தான். தலையை ஆட்டினான்.

அவள் எடுக்கவில்லை. இரண்டாம் முறை தலையை ஆட்டினான்.

எடுத்தாள். மண்சட்டி இரவெல்லாம் வேர்த்திருந்தது. மஞ்சள் மரத்தில் ஈரவட்டம் ஒன்று விழுந்திருந்தது. வட்டத்துக்குள் எழுத்துகள் நனைந்து, கறுத்து, முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

அது உலருமுன் ஆச்சிப்பிள்ளை தன் சட்டியைச் சரியாக அந்த வட்டத்தின் மேல் இறக்கினாள். பலகையில் மற்ற இடமெல்லாம் காலியாகக் கிடந்தது.

சீதேவி பாலத்தின் தொடக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஆச்சிப்பிள்ளை தூக்கிய இடத்தில் அடுத்தவள் வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள், சட்டியை இடுப்பிலிருந்து இறக்காமல், அந்த மூலை காலியாவதற்காகக் காத்து நின்றாள்.