மூன்றாவது வரியில் பிரேக்

ஓஸ்மோ இருபத்திரண்டு வருடம் என் காரில் வேலைக்கு வந்தான். காலை ஐந்தே முக்காலுக்கு அவன் வீட்டு வாசலில் நிறுத்துவேன். ஏறி உட்காருவான், கதவைச் சாத்துவான். பட்டறை வரும்வரை பேச்சு கிடையாது. இறங்கும்போது நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், இவனுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று அன்று முழுக்க யோசித்திருப்பேன். பின்லாந்தில் எங்கள் கரைப்பக்கம் அப்படித்தான். சொல்ல வேண்டியதை ஒரு தடவை சொல்வோம். அதையே மறுபடி சொன்னால் எதிரில் இருப்பவனை மடையன் என்று சொன்ன மாதிரி.

எங்கள் பட்டறையில் கப்பல் எஞ்சினுக்கு இரும்புச் சட்டம் செய்கிறோம். நான் வெல்டர், சங்கப் பிரதிநிதியும் நானே. ஓஸ்மோ கிரேன்காரன், கீழே நின்றபடி ரிமோட்டில் ஓட்டுவான். இது நடந்த பிப்ரவரியில் அவனுக்கு ஓய்வூதியம் வரப் பதினாலு மாதம் பாக்கி இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் பட்டறை கைமாறியது. வாங்கியவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. முன்பெல்லாம் ஏதாவது பழுது என்றால் ஃபோர்மேன் லாசேயிடம் போய்ச் சொல்வோம். அவன் ஒரு கெட்டவார்த்தை சொல்லிவிட்டு ரிப்பேர் ஆளை அனுப்புவான். கைமாறிய பிறகு கணினியில் எழுத வேண்டும் என்றார்கள். எங்கள் மொழியில் எழுதினால் அதுவே ஆங்கிலமாக்கி, மணிலாவில் மாரிவிக் என்ற பெண்ணின் மேசைக்கு அனுப்பிவிடும். அவள் நிறம் போடுவாள். சிவப்பு என்றால் அன்றைக்கே ஆள் வருவான். மஞ்சள் என்றால் ஒரு மாதம். பச்சை என்றால் மறந்துவிடலாம்.

அக்டோபரில் தூக்குச் சங்கிலி ஒன்றில் விரிசல். ஓஸ்மோ எழுதினான்: 'சங்கிலி விரிசல் விட்டிருக்கு. போன மாசம் இதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் குருடன். ஆள் சாகறதுக்கு முன்னாடி மாத்துங்க.'

அன்று மாலையே புதுச் சங்கிலி வந்தது. மூன்றாம் நாள் ஓஸ்மோவுக்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. சக ஊழியரை இழிவுபடுத்தினார், மிரட்டும் தொனியில் எழுதினார், நிறுவனத்தின் மரியாதை விதிகளை மீறினார். இன்னொரு தடவை நடந்தால் வேலை போகும்.

ஓஸ்மோ கடிதத்தைப் பிடித்தபடி லாசேயின் அறைக்குப் போனான். நானும் கூடப் போனேன்.

“நான் யாரைத் திட்டினேன்? கண்ணு முன்னாடி இருக்கிற விரிசல் தெரியலன்னா குருடன்தானே?”

“எனக்குத் தெரியுதுடா. அவங்களுக்கு அது வேற மாதிரி கேக்குது.”

“சங்கிலி வந்துச்சா இல்லையா?”

“வந்துச்சு.”

“அப்புறம் என்ன மயித்துக்குக் கடுதாசி?”

“இந்த வார்த்தையையும் எழுதித் தொலைச்சிடாத, சாமி” என்றான் லாசே. அவனுக்கும் மேலே ஆள் இருந்தான். ஆளைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்த வருடம் அது. வயசாளியைச் சும்மா அனுப்பினால் பெரிய தொகை கொடுக்க வேண்டும். இரண்டு எச்சரிக்கை இருந்தால் எதுவும் கொடுக்க வேண்டாம். அது எனக்கும் தெரியும், லாசேவுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பட்டாணி சூப் குடித்த பிறகு, திரையில் மாரிவிக்கோடு பத்து நிமிடப் பேச்சு உண்டு. அவள் சொல்வதைக் கணினி எங்கள் மொழியில் ஓட்டும். முதல் தடவை, “எல்லாரும் எப்படி இருக்கீங்க?” என்று கேட்டாள். கேட்டுவிட்டாளே என்று ஓஸ்மோ பதில் சொன்னான்: மூட்டு தேய்ந்தது, மூலம், பொண்டாட்டி விட்டுட்டுப் போனது, வரிசையாக நாலு நிமிடம். அவள் சிரித்த முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பாவம், என்ன செய்வாள்.

“கேட்டா சொல்லத்தானே வேணும்? சும்மா எதுக்குக் கேக்கறா?” என்றான் வெளியே வந்து.

பிப்ரவரியில் கிரேனின் பிரேக் வழுக்க ஆரம்பித்தது. பாரத்தை நிறுத்தினால் நிற்கும். பிறகு ஒரு மூச்சு விட்டு, நாலு விரற்கடை கீழே இறங்கும். ஓஸ்மோ என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். அன்று சாப்பாட்டு நேரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினான்.

“எந்திரி. நான் எழுதறேன்” என்றேன்.

“ஏன், எனக்கு எழுதத் தெரியாதா?”

“உனக்குத் தெரிஞ்சதுதான் பிரச்சினை. பதினாலு மாசம், ஓஸ்மோ. வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு.”

எழுந்தான். சங்கத்திலிருந்து எங்களை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பியிருந்தார்கள். முதலில் பாராட்டு, பிறகு விஷயம், கடைசியில் நன்றி என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதை நினைவில் வைத்து அவன் பெயரில் எழுதினேன்: 'அன்புள்ள மாரிவிக், தாங்களும் தங்கள் குழுவினரும் எங்களுக்காகச் செய்துவரும் சிறந்த பணிக்கு முதலில் நன்றி. சங்கிலி விஷயத்தில் தாங்கள் விரைந்து உதவியதை மறக்கவில்லை. இரண்டாம் எண் கிரேனின் பிரேக் சில சமயங்களில் சற்று மெதுவாகப் பிடிப்பதுபோல் தோன்றுகிறது. தங்களுக்கு வசதிப்படும்போது யாராவது பார்த்தால் மகிழ்வோம். இனிய நாளாக அமையட்டும்.'

ஓஸ்மோ என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

“இத யாரு எழுதினது, பாதிரியாரா? பிரேக் எங்க இருக்கு இதுல?”

“மூணாவது வரியில.”

“தோன்றுதாம்! எனக்கு எங்கடா தோணுச்சு? இறங்குது.”

“இப்படித்தான் எழுதணும். அனுப்பட்டுமா?”

தோளைக் குலுக்கினான். அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. இவ்வளவு அன்பான கடிதம் படித்து வெகுநாளாகிறது என்று எழுதியிருந்தாள். கீழே பூங்கொத்துப் படம். அதற்கும் கீழே மஞ்சள்.

வேலையை நிறுத்தியிருக்கலாம். சட்டத்தில் இடம் உண்டு, நான் சொன்னால் போதும். நிறுத்தினால் காரணம் எழுத வேண்டும், ஓஸ்மோ பெயர் மறுபடி மேலே போகும். அதனால் எங்களுக்குள்ளே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்: அந்தக் கிரேனில் ஐந்து டன்னுக்கு மேல் தூக்குவதில்லை. இப்படி ஏற்பாடு செய்துகொண்டுதான் எங்கள் அப்பன்மார் விரலை இழந்தார்கள்.

அடுத்த வியாழன். சூப் குடித்துவிட்டு ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மாரிவிக் திரையில் வந்தாள். ஓஸ்மோவின் கடிதத்துக்கு மறுபடி நன்றி சொன்னாள். “வேற ஏதாவது கவலைப்படற மாதிரி இருக்கா?” என்று கேட்டாள்.

யாரும் பேசவில்லை. எழுதியாகிவிட்டது. எழுதினதைப் படித்துவிட்டேன் என்று அவளே சொல்கிறாள்.

“அவசரமா எதுவும் இல்லையே? தயங்காம சொல்லுங்க.”

ஓஸ்மோ நாற்காலியில் அசைந்தான். வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்வான், எந்த வார்த்தையில் சொல்வான் என்று எனக்குத் தெரியும். மேசைக்கு அடியில் என் பூட்ஸ் காலை அவன் காலின்மேல் வைத்து அழுத்தினேன். வாயை மூடிக்கொண்டான்.

“அப்ப எல்லாம் நல்லா இருக்கு. ரொம்ப சந்தோஷம்” என்றாள் மாரிவிக்.

வெளியே வந்து ஓஸ்மோ பனியில் துப்பினான். “ரெண்டு தடவை கேக்கறா. நம்மள என்ன, சின்னப் பிள்ளைங்கன்னு நினைச்சாளா?”

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை. நாலு டன் இரும்புச் சட்டம். ஓஸ்மோ முழங்கால் உயரத்தில் அதை நிறுத்திவிட்டு, நாலு விரற்கடை இறங்கி நிற்கும்வரை காத்திருந்தான். நின்றது. சட்டத்துக்கு அடியில் கட்டையைச் சரியாக வைக்கக் குனிந்தான். மறுபடி இறங்கியது. இந்த முறை நிற்கவில்லை.

அவன் கத்தவில்லை. “தூக்கு” என்றான். ரிமோட் தரையில் கிடந்தது. எடுத்து அழுத்தினேன். தூக்கிய பிறகு பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இடது காலில் பாதம் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து விசாரணை நடந்தது. அரசு அதிகாரி கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார். 'சற்று', 'தோன்றுகிறது', 'வசதிப்படும்போது' மூன்றுக்கும் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

“இதில் ஆபத்து என்று எங்கே இருக்கிறது?”

“மூணாவது வரியில” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. “எழுதினது ஓஸ்மோ இல்ல. நான்.”

நிறுவனத்தின் வக்கீல் அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னது அவருக்கு வசதியாகப் போயிற்று.

திரையில் மாரிவிக் இருந்தாள். அங்கே இருட்டிவிட்டிருந்தது. முகம் வீங்கியிருந்தது. “ஐயா, முதல் தடவை ஆள் செத்துப்போவான்னு எழுதியிருந்தாரு. உடனே சிவப்புப் போட்டேன். இப்பவும் அப்படி எழுதியிருந்தா போட்டிருப்பேனே ஐயா.”

“அப்புறம் ஏம்மா அவர்மேல புகார் குடுத்தீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“அப்படி எழுதினா புகார் குடுக்கணும்னு விதி, ஐயா. குடுக்கலன்னா எனக்கு எச்சரிக்கை வரும். கோபமெல்லாம் இல்ல. விபத்துக்கு முந்தின வியாழக்கிழமை ரெண்டு தடவை கேட்டேன். எங்க ஊர்ல ரெண்டு தடவை கேட்டா, இருக்கறத சொல்லிருவாங்க.”

அவளைத் திட்ட ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அடுத்த வியாழன் அவள் இடத்தில் வேறொருவன் சிரித்தான். எப்படி இருக்கீங்க என்றான்.

பிரேக்கை மாற்றிவிட்டார்கள். அரை நாள் வேலை.

ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனேன். முதல் இரண்டு தடவையும் ஓஸ்மோ மருந்து மயக்கத்தில் இருந்தான். மூன்றாம் தடவை தலையணையில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வாங்கிப்போயிருந்தேன். மேசைமேல் வைத்தேன்.

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் போனேன் என்றுகூடச் சொல்லலாம். நாயே, நீ எழுதின கடுதாசிடா, நீ மிதிச்ச காலுடா என்று அவன் கத்தினால் நான் அங்கேயே உட்கார்ந்து கேட்டிருப்பேன். மறுநாளும் வந்திருப்பேன்.

கால் மணி நேரம் பேசாமல் இருந்தோம். அது பழைய அமைதி மாதிரி இல்லை. காரில் இருக்கும்போது அவன் பேசாததை நான் கவனித்ததே கிடையாது.

“நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன்” என்றேன்.

“கேள்விப்பட்டேன்.”

“ஓஸ்மோ...”

அவன் திரும்பினான். மாரிவிக் சிரிப்பாளே, அந்த மாதிரி சிரித்தான்.

“வந்ததுக்கு ரொம்ப நன்றி, கலெவி. காபி வாங்கிட்டு வந்ததுக்கும் நன்றி. உங்க நேரத்தை எடுத்துக்கிட்டேன், மன்னிக்கணும். இனிய நாளா அமையட்டும்.”

ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு அவன் வீட்டு வாசலில் பழக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். பக்கத்து சீட் அவனுடைய நீளக் காலுக்காகப் பின்னால் தள்ளியபடியே இருந்தது. எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன்.