சத்தமில்லாமல் வந்த கார்

செங்கேணியின் காலை முறித்தது என் கார். அது ஊருக்கே தெரியும். அவளைச் செவிடி ஆக்கியது என் வாய். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

2007. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலை எனக்கு. சென்னையில் ஒரு பங்களா ஷெட்டில் தூசி படிந்து கிடந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கூபேயை வாங்கிவந்து, உத்திரமேரூரில் சின்னராசுவின் மெக்கானிக் ஷெட்டில் நிறுத்தினேன். இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு. ஸ்டார்ட் செய்தால் பஜாரே திரும்பிப் பார்க்கும் உறுமல்.

அதைத்தான் ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஹைபிரிட் ஆக்கினோம். முன் சக்கரங்களைப் பழைய பெட்ரோல் என்ஜினே இழுக்கும். பின் சக்கரங்களுக்குக் கழித்துப்போட்ட ஃபோர்க்லிஃப்டின் மோட்டாரைப் பூட்டினோம். பின்சீட்டைக் கழற்றிவிட்டு எட்டு பேட்டரிகளை அடுக்கினோம். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச். மேலே தள்ளினால் பெட்ரோல், கீழே தள்ளினால் சத்தமே இல்லாத கரண்ட், நடுவில் வைத்தால் இரண்டும். இரண்டும் சேர்ந்தால் முதுகு சீட்டில் அறையும். மைலேஜுக்காக இல்லை, வேகத்துக்காகச் செய்த வண்டி அது.

முதன்முதலாகக் கரண்டில் மட்டும் ஓட்டிப் பார்க்க எங்கள் ஊர் காவாந்தண்டலத்துக்குத் தனியாகக் கிளம்பினேன். தை மாதம். தார்ச்சாலையில் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். பஸ் சக்கரம் ஏறினால் மணி உதிரும். ஆட்கள் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து கூட்டுவார்கள். வண்டிச் சத்தம் கேட்டால் ஒதுங்குவார்கள். காதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

அதில் செங்கேணிதான் கெட்டிக்காரி. ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பு அவளுக்கு. "பஸ்ஸு திரும்பிடுச்சு, நவுருங்க" என்று மற்றவர்களுக்குக் கேட்கும் முன்பே சொல்லிவிடுவாள். வரப்பில் காதை வைத்து எந்த வளையில் எலி இருக்கிறது என்று காட்டுவாள்.

நான் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நிமிர்ந்தபோது அவள் முதுகு என் பானெட்டுக்கு நேராக இருந்தது. பிரேக்கை மிதித்தேன். பம்பர் அவள் இடது காலில் இடித்தது.

ஆஸ்பத்திரிக்கு நானே தூக்கிப்போனேன். கட்டுப் போடும்வரை கூடவே நின்றேன். எல்லாம் சரியாகத்தான் செய்தேன், அந்த ஒன்றைத் தவிர.

கொள்ளு என் பெரியப்பா முனிரத்தினத்தின் நிலத்தில் விளைந்தது. ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். அன்று மத்தியானமே கோயில் முன்னால் ஊரைக் கூட்டி விசாரித்தார்.

"ஹாரன் அடிச்சியாடா?"

"அடிச்சேன் பெரியப்பா."

யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"சத்தமே வர்ல சாமி," என்றாள் செங்கேணி. கட்டுப் போட்ட காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். "ஹாரனும் வர்ல, வண்டி சத்தமும் வர்ல. திடீர்னு முட்டிக்கினுச்சு."

"அந்தச் செவப்பு வண்டி உத்திரமேரூர்ல கெளம்புனா இங்க என் எருமை மெரளுது. உனுக்கு மட்டும் கேக்கலியா?" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

அன்று மாலை ஷெட்டில் சின்னராசு கேட்டான். "எந்த ஸ்விட்ச்சுல போன?"

"பெட்ரோல்லதான்."

அவன் மீட்டரை எட்டிப் பார்த்தான். பேட்டரி பாதிக்குமேல் இறங்கியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, "பெட்ரோலா, சரி," என்றான். பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டினான்.

செங்கேணிக்குச் செவிடி என்று பெயர் வந்தது. கட்டுப் பிரித்த பிறகும் பெரியப்பா அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. "செவிட்டு ஆளை ரோட்ல உட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

மாத்திரை கொடுக்க ஒருநாள் அவள் குடிசைக்குப் போனேன். மகள் அம்சா அவள் காதில் பூண்டு எண்ணெயை விட்டுப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தாள்.

"காலைல வளைல காது வெச்சேன் சாமி," என்றாள் செங்கேணி. "உள்ள ஓடுறாப்லதான் கேட்டுச்சு. ஆனா நம்ப முடில. தோண்டாம வந்துட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மாத்திரையை வைத்துவிட்டுக் குனிந்து வெளியே வந்தேன்.

பங்குனியில் சென்னையிலிருந்து கலைச்செல்வன் வந்தார். ரேஸ் கார்களைத் தயார் செய்யும் பட்டறை வைத்திருப்பவர். வண்டி பிடித்தால் என்னைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரு வருடமாக நான் கண்ட கனவு அது. நேரான ரோடு வேண்டும் என்றார். நேரான ரோடு எங்கள் ஊர் ரோடுதான். ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

முதலில் இரண்டையும் சேர்த்து ஓட்டினேன். "பின்னால யாரோ உதைச்ச மாதிரி இருக்கு," என்று சிரித்தார். பிறகு, "கரண்ட்ல மட்டும் ஓடுமா?" என்றார்.

"அது இன்னும் சரியா வரலை சார்."

ஜன்னலோரம் நின்ற சின்னராசு குனிந்தான். "ஏன் வராது? ஜம்முனு வருமே. தாமோதரனுக்கு மறந்துபோச்சு சார்."

"அதைப் பார்க்கத்தான் வந்தேன். இல்லேன்னா கிளம்பறேன்," என்றார் கலைச்செல்வன்.

ஸ்விட்ச்சைக் கீழே தள்ளினேன். மனசாட்சி தள்ளியது என்று எழுத ஆசைதான். தள்ளியது பேராசை.

ஓட்டம் முடிந்தது என்று நினைத்துக் கூட்டம் வேறு பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பவில்லை. வண்டி பெரியப்பாவின் வேட்டிக்கு ஒரு முழம் பின்னால் போய் நின்றது. தற்செயலாகத் திரும்பியவர் துள்ளி ஒதுங்கினார்.

"இன்னாடா இது, பூனையாட்டம் வருது," என்று யாரோ சிரித்தார். அந்தச் சிரிப்பு அவரோடு நின்றுவிட்டது.

மதகு ஓரத்தில் கம்பை ஊன்றி நின்ற செங்கேணி காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

"இதேதான். அன்னிக்கும் இப்டிதான் வந்திச்சு. அம்சா, என் காது நல்லாதான்டி கீது."

என்னைக் குற்றம் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. முகம் முழுக்க அவ்வளவு சந்தோஷம்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "வண்டிக்குச் சத்தம் இல்ல, சரி. இவன் ஹாரன் அடிச்சானே, அது கேட்டுருக்கணுமில்ல? இன்னாடா?"

எனக்காகத்தான் கேட்டார். தலையாட்டினால் போதும், வீட்டுப் பிள்ளை தப்பித்துவிடுவான். பக்கத்து சீட்டில் கலைச்செல்வன் என்னையே பார்த்தார்.

"அடிக்கலை பெரியப்பா."

"இன்னா?"

"ஹாரன் அடிக்கலை. முள்ளைப் பார்த்துக்கினு வந்தேன். செங்கேணி சொன்னதுதான் நெஜம்."

"ரெண்டு மாசமா வாய்ல இன்னா வெச்சிக்கினு இருந்த? கொழுக்கட்டையா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். செங்கேணி பக்கம் திரும்பவே இல்லை. கலைச்செல்வன் கதவைத் திறந்து இறங்கினார். "அப்புறம் பேசலாம், தாமோதரன்," என்றார். அவருடைய கார் ஏரிக்கரை திரும்பும்வரை சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

செங்கேணி நொண்டிக்கொண்டே வந்தாள்.

"சாமி, இன்னொரு தபா ஓட்டு. நான் திரும்பி நிக்கறேன். எவ்ளோ கிட்ட வந்தா கேக்குதுன்னு பாக்கணும்."

"வேணாம், செங்கேணி."

"சும்மா வா சாமி. நீதான் பாத்துக்கினு வருவியே."

ரோட்டின் நடுவில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஊர் பார்த்தது. ஸ்விட்ச்சைக் கீழே தள்ளி, நடக்கும் வேகத்தில் நகர்ந்தேன். அந்த முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஐம்பது அடி இருக்கும்போதே என் கை தானாக ஹாரனை அழுத்தியது. எடுக்க முடியவில்லை.

அவள் திரும்பிச் சலித்துக்கொண்டாள்.

"ஹாரன் அடிச்சா எப்டி சாமி தெரியும்? பின்னாடி போ. அன்னிக்கு வந்தாப்ல வா."