கதவு பூட்டியிருந்தது

அந்தக் குறுஞ்செய்தி வந்தபோது அவள் ஒரு பெரியவரின் மூக்கில் சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்த்துப் பவர் சொல்வது அவள் வேலை. மேசைமேல் கிடந்த போன் உறுமியது. ஓரக்கண்ணால் படித்தாள். 'எங்கள் ஊழியர் தங்கள் இல்லத்துக்கு வந்தார். கதவு பூட்டியிருந்தது. அழைத்தும் பதில் இல்லை. தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. நன்றி.'

நன்றியாம் நன்றி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதே செய்தி முன்பும் வந்திருக்கிறது, ஓர் எழுத்துப் பிசகாமல். அந்த நாட்களிலெல்லாம் அவள் அப்பா வாசற்கதவை அகலத் திறந்து, நடுவாசலில் நாற்காலி போட்டு, காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருந்தார். ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லையாம். காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வராத ஆளை வந்ததாகக் காட்டும் வித்தையை அங்கேகூடப் பார்த்ததில்லை என்றார். இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்தால்தானே? எங்கேயோ டீ குடித்தபடி 'கதவு பூட்டியிருந்தது' என்று தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருக்கிறான். காது குத்துவதற்கும் ஓர் அளவு வேண்டாமா?

இன்டர்நெட் இல்லாவிட்டால் ஒரு வயசானவருக்கு என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பீர்கள். அந்த வீட்டுக்குள் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. வைஃபை இருந்தால்தான் அப்பாவின் போன் பேசும். கூடத்தில் அவள் மாட்டிவைத்த கேமராவில் அவர் நடமாட்டம் தெரியும். விழுந்தால் அமுக்கச் சொல்லிக் கழுத்தில் போட்டுவிட்ட அவசரப் பொத்தான் வேலை செய்யும். நகரத்தின் அடுத்த கோடியில் அவரைத் தனியாக விட்டுவைத்திருந்ததே அந்த மோடத்தை நம்பித்தான். அது செத்ததிலிருந்து, தினமும் காலையில் அப்பா பின்பக்கப் படியேறி மொட்டைமாடிக்குப் போய் அவளைக் கூப்பிடுவார். "சுண்டு, இருக்கேன்," என்பார். அவ்வளவுதான் பேச்சு. மாடிக்கு ஏறுங்கள் என்று அந்த யோசனையைச் சொன்னதும் அவள்தான்.

இன்று காலை அந்தப் போன் வரவில்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவெல்லாம் மழை, நனைவானேன் என்று உள்ளேயே இருந்திருப்பார் என்று நினைத்தாள். கடையில் கூட்டம் வேறு. இப்போது அந்தச் செய்தியை மறுபடி படித்தாள். 'அழைத்தும் பதில் இல்லை.' வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

இது வழக்கமான புளுகு என்றால் அப்பா சௌக்கியமாக இருக்கிறார். நிஜமென்றால்? நிஜமாகவே ஒருவன் போய், நிஜமாகவே மணியடித்து, உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்றால்? "கடவுளே, இவன் பொய் சொல்லியிருக்கணும்," என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"எவன்மா?" என்றார் சோதனைக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த பெரியவர்.

அவரை அப்படியே விட்டுவிட்டு அவள் தெருவுக்கு ஓடி ஒரு டாக்சியில் ஏறினாள். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது சொல்லலாமே என்றால், அந்த வீட்டுக்கு ஒரு பக்கம் காலி மனை, மறுபக்கம் பூட்டிய கிடங்கு. மாடி வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. ரோட்டில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அவள் கம்பெனிக்கே போன் போட்டாள். ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினாள். நான்கை அழுத்தச் சொன்னார்கள், அதையும் அழுத்தினாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பாட்டைப் போட்டார்கள். படுபாவிகள், மனுஷி தவிக்கிற நேரத்தில் பாட்டு.

ஒருவழியாக ஒரு பெண் லைனில் வந்தாள். "வணக்கம் மேடம், உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

"சிரமம் கிடக்கட்டும்மா. உங்க ஆளு இன்னைக்கு எங்கப்பா வீட்டுக்குப் போகலதானே?"

"கண்டிப்பா போயிருக்காங்க மேடம். பதிவுல இருக்கு."

"போன தடவையும் போகாமலே போனதாத்தான் போட்டீங்க. இதுவும் அப்படித்தான்னு சொல்லுங்க. நான் யார் மேலயும் புகார் பண்ண மாட்டேன். பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

பொய் சொல்கிறீர்கள் என்று சண்டை பிடிப்பவர்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பொய்யாக இருக்கட்டும் என்று கெஞ்சுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "எங்க ஊழியர்கள் பொய் சொல்ல மாட்டாங்க மேடம்," என்று கிளிப்பிள்ளையாக ஒப்பித்தாள். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

அவள் அழைப்பை வெட்டினாள். அந்தக் கம்பெனி லைன்மேனின் நம்பர் அவளிடம் இருந்தது. ஆனால் போன வாரம் அவனை வண்டி வண்டியாகத் திட்டியதில் அவன் அவள் நம்பரையே தடுத்துவைத்திருந்தான். கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டிய டிரைவர் ஒன்றும் கேட்காமல் தன் போனைப் பின்னால் நீட்டினார்.

"யாரு?" என்றான் லைன்மேன்.

"தயவுசெஞ்சு வெச்சிடாதீங்க. கண்டக்டர் வீட்டுப் பொண்ணு பேசறேன். நீங்க இன்னைக்கு அங்க போகலதானே? போகலைன்னு சொல்லுங்க தம்பி. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

அவன் பின்னால் காற்று இரைந்தது.

"முன்னாடியெல்லாம் போகல மேடம். ஒத்துக்கறேன். தலைக்கு மேல வேலையைக் கட்டிடறாங்க, என்ன பண்றது. ஆனா இன்னைக்கு நிஜமாவே போனேன். நீங்க திட்டினது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நீலக் கதவு. வாசல்ல பேப்பர் நனைஞ்சு கிடந்துச்சு."

பல் தேய்க்கும் முன்னால் பேப்பரை எடுக்கிற மனுஷர் அப்பா. கதவு நீலம்தான். இவன் போயிருக்கிறான். கேடுகெட்ட கம்பெனி முதல்முறையாக உண்மை பேசியிருக்கிறது.

"பின்பக்கம் போய்ப் பார்த்தீங்களா? மாடிப்படி அங்கதான் இருக்கு. மழையில பாசி வழுக்கும்."

"இல்ல மேடம். மணியடிச்சேன், வந்துட்டேன். ரெண்டு தெரு தள்ளித்தான் கம்பத்துல இருக்கேன். இதோ எறங்கறேன். லைன்லயே இருங்க."

இருந்தாள். வேறு என்ன செய்ய? பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. தன் தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்பதை முன்பின் முகம் தெரியாத ஒருவன் தன்னைவிட முன்னால் பார்க்கப்போகிறான். அவன் அங்கே போய்ச் சேராமல் இருந்தால்கூட நல்லது என்று தோன்றியது. இரும்பு கேட் கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் ஓடியது. பிறகு நின்றது.

"மேடம். இங்க இருக்காரு. படிக்குக் கீழ."

உயிர் என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. "தம்பி," என்று மட்டும் சொன்னாள்.

"ஐயா," என்று அவன் கூப்பிடுவது கேட்டது. "ஐயா, ஐயா." ஒன்றுமில்லை. டிரைவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். அவராலும் ஓட்ட முடியவில்லை போலும்.

போனில் ஏதோ உரசியது.

"நீதானே மணியடிச்சது?" ஓடுகிற பஸ்ஸில் கடைசி சீட்டு வரை எட்டிய குரல் இப்போது நூலாக வந்தது. "கூப்பிட்டேன். எவ்வளவு கூப்பிட்டேன். வண்டியை ஆஃப் பண்ணாமலே நின்னே. உனக்குக் கேக்கல."

அவள் அழுதுகொண்டே தன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு முகவரி சொன்னாள். டாக்சி மறுபடி நகர்ந்தது. டிரைவரின் போனில் லைன்மேன் அவளைக் கூப்பிட்டான்.

"மேடம், இடுப்பு அசைக்க முடியல அவருக்கு. தண்ணி கேக்கறாரு, உள்ள போய் எடுக்கணும். ஆனா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறாரு. நான் எங்கயும் போகலைன்னு சொல்லிட்டேன், நம்ப மாட்டேங்கறாரு. நீங்க சொல்லுங்க."

போனை அப்பாவின் காதருகே வைத்தான்.

"அப்பா, நான்தான். வந்துக்கிட்டே இருக்கேன். அவர் கையை விடுங்கப்பா, தண்ணி எடுத்துட்டு வந்துடுவாரு."

"விட்டா போயிடுவான்மா," என்றார் அப்பா.

குடித்துவிட்டுத் தகராறு செய்தவர்களை நடுரோட்டில் இறக்கிவிட்ட மனுஷர். அவர் பயந்து அவள் பார்த்ததே இல்லை. அவர் போக மாட்டார், அப்பா என்று சொல்ல வாயெடுத்தாள். இத்தனை நாளும் வருவார், இன்றைக்குக் கட்டாயம் வருவார் என்று சொல்லிச் சொல்லி அவரை வாசலில் உட்கார வைத்ததும் அவள்தான். எதைச் சொல்லி நம்பச் சொல்வது?

"பிடிச்சுக்கோங்கப்பா," என்றாள். "நான் வர்ற வரைக்கும் விடாதீங்க."