மூங்கில் வளைவில் கரடி

கல்வராயன் மலைக் காப்புக்காட்டுப் பாதையில் இனி சைக்கிள் ஓட்டக்கூடாது என்று ஆடி மாதத்தில் பலகை வைத்தார்கள். கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை செய்யும் தேவிப்ரியாவும் அவளுடைய ஆறு நண்பர்களும் நான்கு வருடமாக ஞாயிறுதோறும் கியர் சைக்கிளில் இறங்கிவரும் பாதை அது. அவர்கள் கொடுத்த மனுவை வனச்சரகர் சுப்புராயன் படித்தார்.

"சைக்கிள் சத்தமில்லாம வருது. கரடி மேலயே போய் மோதுவீங்க. அதான் பயம்."

"நாலு வருசத்துல ஒரு கரடியக்கூடப் பாத்ததில்ல சார்," என்றாள் தேவிப்ரியா.

"அப்ப ஒருத்தர் மட்டும் ஓட்டிக் காட்டுங்க. எங்க காவலர் இருசப்பன் கூட வருவாரு. அப்புறம் முடிவு பண்ணலாம்."

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மேலிருந்து கிளம்பினார்கள். நண்பன் ஜீவாவின் சைக்கிளில் இருசப்பன் பின்னால் வந்தார். மூங்கில் நெருங்கிய வளைவில் திரும்பியதும் தேவிப்ரியா இரண்டு பிரேக்கையும் அழுத்தினாள். பத்தடி தூரத்தில் ஒரு கரடி புற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. முதுகில் குட்டி.

கரடி இரண்டு காலில் எழுந்து நின்றது.

"ஓடாதீங்கமா," என்றார் இருசப்பன், மெல்லிய குரலில். "சைக்கிள முன்னால புடிச்சிக்கினு அப்பிடியே பின்னால வாங்க."

ஓரடி வைத்தாள். சரளையில் ஷூ வழுக்கியது. கரடி உறுமியபடி பாதி தூரம் பாய்ந்து நின்றது. அதன் மூச்சு கேட்டது. கால்சட்டை நனைந்துவிட்டதைப் பிறகுதான் அவள் உணர்ந்தாள். குட்டி வீறிட்டதும் கரடி திரும்பி மூங்கிலுக்குள் இறங்கிப் போனது. கழிகள் ஒடியும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

பாதையோரம் உட்கார்ந்தவளுக்கு இருசப்பன் தண்ணீர் கொடுத்தார். "சார் கேப்பாரு. நானா வாயத் தொறக்கமாட்டேன். இன்னா சொல்லப் போறீங்க?"

சொன்னால் பாதை போய்விடும். சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு இந்த வளைவுக்கு அவர்கள் குழுவின் கல்லூரிப் பெண் தேவதர்ஷினி வருவாள். அவள் இறக்கத்தில் பிரேக்கே பிடிக்கமாட்டாள்.

கீழே ஜீப்பருகே சுப்புராயன் நின்றிருந்தார். தேவிப்ரியா டி-ஷர்ட்டுக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன் போனாள்.

"கரடி சார். குட்டியோட. பத்தடியில." மேலே வளைவின் பக்கம் கைகாட்டினாள். "மேல நாங்க போகமாட்டோம். ஆனா கீழ்ப்பாதிய மூடாதீங்க சார். அங்க பாதை அகலம், தூரத்துலயே எல்லாம் தெரியுது. மணி அடிச்சிக்கினு, பத்து மணிக்கு மேல மெதுவா வர்றோம்."

சுப்புராயன் இருசப்பனைப் பார்த்தார்.

"நெசம்தான் சார். கீழ ஜன நடமாட்டம் ஜாஸ்தி. கரடி வராது."

அவர் மேலிடத்துக்கு எழுதினார். ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது: கீழே நான்கு கிலோமீட்டர் மட்டும், பகலில் மட்டும்.

"நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா முழுப் பாதையும் கெடச்சிருக்கும்," என்றான் ஜீவா போனில். அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

முதல் ஞாயிறு அவன் வரவில்லை. புதரிலிருந்து காட்டுக்கோழி ஒன்று படபடத்துக் கிளம்பியதற்கே தேவிப்ரியா நிலைதடுமாறி விழுந்தாள். முழங்கை சிராய்த்தது. தேவதர்ஷினி ஓடிவந்து தூக்கிவிட்டாள்.

"திரும்பிடலாமாக்கா?"

"இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கு," என்று சொல்லிவிட்டு, காலால் பெடலைத் தேடினாள்.