கத்தமாட்டேன் என்கிறார்

...அதையேதானே நானும் சொன்னேன், கல்யாணமான நாளிலிருந்து, கத்தாமல் பேசுங்கள், எதிராளி பேசி முடிக்கும்வரை பொறுத்திருங்கள் என்று, தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம், இப்போது எவளோ ஒருத்தி சனிக்கிழமைதோறும் கணினித் திரையில் வந்து அதையே கொஞ்சம் தேன் தடவிச் சொன்னதும் இரண்டே மாதத்தில் மனிதர் தலைகீழாக மாறிவிட்டார். லைஃப் கோச்சாம். கோபம் வந்தால் முதலில் மூச்சை இழுத்து விடுங்கள் என்பது அவளுடைய முதல் பாடம், அதனால் நான் அவளுக்கு வைத்த பெயர் மூச்சுக்காரி. பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளர் இவர், ஓட்டுநர்களை மிரட்டி மிரட்டியே குரல் கரகரத்துப்போனவர், இனியும் கத்தினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று மேலதிகாரி சொன்ன பிறகு மகள் தேடிப்பிடித்துக் கொடுத்தவள்தான் இந்த மூச்சுக்காரி. வேலை போகும் என்றதும் மாறத் தெரிகிறது, பெண்டாட்டி அழுதபோது தெரியவில்லை. போன வாரம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "நீங்க சொல்றது எனக்குப் புரியுது, நீங்க சொல்றது எனக்குப் புரியுது" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார், துண்டு கொடுக்கப் போன எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும், வயிறுதான் எரிந்தது. எனக்கு ஏன் எரியவேண்டும்? நான் கேட்டதுதானே கிடைத்திருக்கிறது?

இன்றும் சனிக்கிழமை, மூச்சுக்காரியின் வகுப்பு, அறைக்கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே அவர் சிரிக்கும் சத்தம் கேட்கிறது, நான் சமையலறையில் கார் சாவியைப் பிடித்தபடி நிற்கிறேன், வாங்கி வந்த சாமான்கள் பையிலேயே கிடக்கின்றன. வண்டியைக் கீழே நிறுத்தும்போது இடது பக்கக் கதவு முழுக்கத் தூணில் உரசிவிட்டது, உள்ளே இருக்கும் தகரம் தெரிகிறது. அந்தத் தூண் நேற்றா முளைத்தது, வருஷக்கணக்காக அங்கேயே நிற்கிற தூண். உரசும் சத்தம் கேட்ட பிறகும் நான் ஏன் உடனே பிரேக்கை மிதிக்கவில்லை... மிதித்தேன், கொஞ்சம் தாமதமாக. பழைய காரில் நகத்தளவு கீறல் விழுந்ததற்கு மேல்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து எட்டிப்பார்க்கும்படி கத்தியவர், வரட்டும், இன்றைக்கு மூச்சாவது பாடமாவது, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கட்டும், அந்தச் சூட்டிலேயே புதுக் கிளை விஷயத்தையும் போட்டு உடைத்துவிடலாம், முடியாது என்று ஒரு கத்தல், முடிந்தது கதை.

புதுக் கிளைதான் இப்போது தலைவலி. எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பெரிய டாக்டர் வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறார், "நீங்கதான் வந்து பொறுப்பேத்துக்கணும், நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லிடுங்க" என்று நேற்று சொன்னார். இதற்கு முன்னாலும் இரண்டு முறை கேட்டவர்தான், "வீட்டுல ஒத்துக்க மாட்டாரு டாக்டர், அவரு கோபம்தான் உங்களுக்குத் தெரியுமே" என்று நான் சொன்னதும் கூடமே என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியது. நரம்பே தட்டுப்படாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுக்கிறவள், அவளுக்கு வாய்த்த புருஷனைப் பாருங்கள் என்று. அந்த உச்சுக்கொட்டல் எனக்குப் பிடித்துத்தான் இருந்ததோ? சே, என்ன நினைப்பு இது. செல்போனில் இப்போதும் எழுதிவைத்திருக்கிறேன், 'மன்னிக்கவும் டாக்டர், வீட்டில் சம்மதிக்கவில்லை', அனுப்பவேண்டியதுதான் பாக்கி, அதற்கு அவர் ஒரு கத்தல் கத்தவேண்டும், கத்தாமல் எப்படி அனுப்புவது?

கதவு திறந்தது. "கார் தூண்ல இடிச்சிடுச்சு, கதவு போச்சு" என்றேன், வேண்டுமென்றே அலட்சியமாக, சாவியை மேசைமேல் எறிந்தேன். அவர் சாவியைப் பார்த்தார், கழுத்து நரம்பு புடைத்தது, அப்பாடா, வருகிறது... மூச்சை இழுத்தார், விட்டார். "உனக்கு அடி ஏதும் படலையே?" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கத்துங்க! புதுக் கார், நாசமாக்கிட்டேன், கத்துங்களேன், அந்த மூச்சுக்காரி என்ன, வாயைத் தச்சு விட்டுட்டாளா?" மேல்வீட்டில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் இப்போது கத்துகிறவள் நான். அந்த ஆத்திரத்திலேயே கிளை, வேறு ஊர், மத்தியானத்துக்குள் பதில் எல்லாவற்றையும் கொட்டினேன். "ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டாங்க, உங்களாலதான் போகமுடியல, உங்க கோபத்தாலதான்!"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார், நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை, பாவி, அதையும் கற்றுக்கொண்டுவிட்டார். "நான் கத்தியிருப்பேன், இல்லைன்னு சொல்லல. ஆனா ரெண்டு தடவையும் நீ எங்கிட்ட கேக்கவே இல்லையேம்மா" என்றார். கேட்கவில்லையா... கேட்டேனே, நிச்சயமாகக் கேட்டேன், எங்கே, எப்போது, சாப்பிடும்போதா, இல்லை, படுக்கையிலா, அங்கேயும் இல்லை, அவர் கத்துவது என் காதில் அவ்வளவு தெளிவாகக் கேட்டதே, அவர் வாயைத் திறக்காமலா கேட்டது? "சரி, அதை விடு. உனக்குப் போகணுமா?" என்றார். இந்தக் கேள்விக்குமா ஒத்திகை பார்த்தார், தெரியவில்லை, முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை, நிஜமாகவே பதிலுக்காகக் காத்திருந்தார். செல்போனை எடுத்தேன், 'வீட்டில் சம்மதிக்கவில்லை' இன்னும் அங்கேயே இருந்தது. எழுதியதை அழித்தேன், வேறென்ன எழுதுவது, எனக்குப் போகவேண்டுமா? பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மூச்சுதான் வந்தது.