ஸ்டோர்கீப்பரின் ஆமென்

முன்னறையில் இருந்தவர்கள்: ஸ்டோர்கீப்பர், எண்பத்து மூன்று வயது, பஞ்சாலைக் கிடங்கில் முப்பத்தாறு வருடம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மூத்த மகள், பள்ளித் தலைமை ஆசிரியை, வீட்டுக்கு வந்தாலும் அதே வேலை. மகன், லிப்ட் மெக்கானிக். இளைய மகள், நர்ஸ். அவள் கணவர், கார் வைத்திருந்த ஒரே காரணத்துக்காக அழைக்கப்பட்டவர். இவர்களோடு சுவரோரம் ஒரு பெட்டி. பெட்டியை ஆளாகச் சேர்க்கலாமா என்று கேட்கலாம். அன்று அந்த வீட்டில் முடிவெடுத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தது அது ஒன்றுதான்.

வந்த வேலை இரண்டு. பதினோரு நாளுக்கு முன் அடக்கம் செய்த அம்மாவைப் பற்றி, மறுநாள் ஆராதனையில் வாசிக்க ஒரு பக்கம் எழுத வேண்டும். போதகர் நான்கு நிமிடம் ஒதுக்கியிருந்தார். எண்பத்தோரு வருடத்துக்கு நான்கு நிமிடம். இரண்டாவது வேலை, அப்பாவைக் கையோடு கூட்டிப் போவது. மூன்று பிள்ளைகள், பன்னிரண்டு மாதம், வகுத்தால் மீதி வரவில்லை. முதல் நான்கு மாதம் நர்ஸ் வீடு.

இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. தன் சட்டைகள் அலமாரியிலிருந்து பெட்டிக்குப் போனதைப் பார்த்துத்தான் அவர் புரிந்துகொண்டார். அவருக்குப் போக இஷ்டமில்லை. இந்த வீட்டில்தான் சாக வேண்டும் என்ற பெரிய பேச்செல்லாம் அவரிடம் கிடையாது. இந்த வீட்டில் காலையில் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை எப்படி வாயைத் திறந்து சொல்வது என்று தெரியவில்லை. அவர் சார்பில் பேசுகிறவள் போய்விட்டாள்.

"கல்யாணமாகி அம்பத்தெட்டு வருஷம்," என்று தலைமை ஆசிரியை எழுதிக்கொண்டே படித்தாள். "ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைங்களுக்கு நாற்பத்தோரு வருஷம் வேதபாடம். வெள்ளிக்கிழமை தவறாம ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய் நோயாளிங்களுக்காக ஜெபம்."

"வேண்டாம்னு சொன்னவங்களுக்கும் சேர்த்து," என்றான் மெக்கானிக். "ஒரு ஆள் போர்வையை இழுத்து மூடிக்கிட்டானாம். போர்வைக்கு மேலயே கை வெச்சு ஜெபிச்சுட்டு வந்தாங்க."

"அதெல்லாம் எழுத முடியாதுடா. அடுத்தது. தினமும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஜெபித்து, முதல் ஷிப்டுக்குப் போகும் அப்பாவுக்குத் தன் கையால் டீ போட்டு..."

"டீ நான் போட்டேன்," என்றார் ஸ்டோர்கீப்பர்.

பேனா நின்றது.

"அவ முழங்கால்ல நின்னா அஞ்சரைக்குத்தான் எழுந்திருப்பா. ஷிப்ட் ஆறு மணிக்கு. நான் என்ன பண்ண?"

"அப்ப பிளாஸ்க்ல எங்களுக்கு வெச்சிருந்தது?" என்று நர்ஸ் கேட்டாள்.

"அதுவும்தான்."

"ஊர் முழுக்க எங்க அம்மா டீ மாதிரி வராதுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கேன்," என்றான் மெக்கானிக். தலைமை ஆசிரியை அந்த வரியை அடித்தாள். ஒரு வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பில் அம்மா சர்க்கரையை விட்டாள், ஈஸ்டர் வந்ததும் திரும்பத் தொட மறந்தே போனாள் என்பதை அந்த இடத்தில் சேர்த்தாள். அது யாரும் மறுக்க முடியாத செய்தி.

எழுதாமல் விட்டதுதான் அதிகம். அம்மா ஜெபிக்கும் விதத்தை எப்படி எழுதுவது? இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் முழங்காலில் நிற்க, அவள் உரக்க ஜெபிப்பாள். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் நேராக எதையும் சொன்னதில்லை. எல்லாம் மேலே போய்த்தான் கீழே வரும். தலைமை ஆசிரியைக்குத் தன் மாப்பிள்ளை யாரென்று தெரிந்ததே ஜெபத்தில்தான். 'நல்ல குடும்பம், நல்ல பையன், தலைமுடி மட்டும் கொஞ்சம் குறைவு ஆண்டவரே, அதை உமது சித்தத்துக்கு விடுகிறேன்.' மெக்கானிக் பதினேழு வயதில் சிகரெட்டை விட்டதும் அப்படித்தான். 'இந்த வரிசையில் எந்த உள்ளங்கை நாறுகிறது என்று உமக்குத் தெரியும்.'

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது. கடைசியில் ஸ்டோர்கீப்பர் ஆமென் சொல்லும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது, மேல்முறையீடு கிடையாது. ஐம்பத்தெட்டு வருடத்தில் குடும்ப ஜெபத்தில் அவர் பேசியது அந்த ஒரு சொல்தான். அவள் போனபின் வீட்டுச் செய்தி எதுவும் அவருக்கு வந்து சேராததில் ஆச்சரியமில்லை.

"சரி, ஜெபிச்சிட்டுக் கிளம்பலாம்," என்றாள் மூத்தவள். அம்மா இல்லாமல் அவர்கள் ஒன்றாக முழங்காலில் நிற்பது அதுதான் முதல் தடவை. ஸ்டோர்கீப்பர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். வழக்கமாக அவருக்கு இடப்பக்கம் இன்னொரு தோள் இருக்கும், அழுத்திக்கொண்டு இறங்குவதற்கு.

"பரலோகப் பிதாவே, அம்மாவைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம். அப்பாவை நாங்க நாலு நாலு மாசமா மாறி மாறிப் பாத்துக்கத் தீர்மானிச்சிருக்கோம். இன்னைக்கே தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். அங்க அறை காத்தோட்டமா இருக்கு, பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு, உமக்குத் தெரியாதது இல்ல. இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம்."

எல்லோரும் காத்திருந்தார்கள்.

மின்விசிறி சுற்றியது. கார்க்காரர் முழங்காலை மாற்றினார், எலும்பு சொடுக்கியது. ஸ்டோர்கீப்பரின் கண் மூடியே இருந்தது. வாயும்தான்.

"ஞாயித்துக்கிழமைகள்ல," என்று மூத்தவள் தொடர்ந்தாள், "அவரை இதே ஆலயத்துக்குத் தவறாம கூட்டிட்டு வருவோம் பிதாவே."

மறுபடியும் மின்விசிறி.

"அவருக்கு பிரஷர் இருக்கு ஆண்டவரே," என்று நர்ஸ் சேர்ந்துகொண்டாள். "தனியா விட முடியாது. மாத்திரையை யார் ஞாபகப்படுத்துவாங்க?"

"ஆண்டவரே," என்றார் ஸ்டோர்கீப்பர்.

மெக்கானிக் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

"வழக்கமா அவதான் பேசுவா. எனக்கு அந்த அளவு வராது. மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, எட்டு வருஷமா நானே போட்டுக்கறேன். அவளுக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். சோறு வடிக்கத் தெரியும். மத்த சமையல் சுமார்தான், மறைக்கல. பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க, அவ வளர்த்த பிள்ளைங்க. பார்க்க வரட்டும். பெட்டி தூக்க வராம, பார்க்க வரட்டும். நான் இங்கதான் இருக்கப் போறேன்னு நீரே இவங்ககிட்ட எடுத்துச் சொல்லும். எனக்குச் சொல்லத் தெரியல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இன்னைக்கு ஆமென் இவங்க சொல்லட்டும்."

"ஆமென்," என்றார் கார்க்காரர் உடனே. முழங்கால் வலி.

நர்ஸ் அவரைப் பக்கவாட்டில் முறைத்தாள்.

"ஆமென்," என்றான் மெக்கானிக், சிரிப்பை அடக்கிக்கொண்டு. நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள், பிறகு அவளும் சொன்னாள். மூத்தவள் மட்டும் பாக்கி. பள்ளியில் எண்ணூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் உட்கார வைக்கிறவள், அம்மா போட்ட சட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"தினமும் ரெண்டு தடவை போன் எடுக்கணும்," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"அதை மேல இருக்கறவர்கிட்ட சொல்லும்மா," என்றார் ஸ்டோர்கீப்பர்.

"ஆண்டவரே, ரெண்டு தடவை."

"ஒரு தடவை," என்றார் அவர், அதே திசையில்.

"சரி, ஒரு தடவை. எடுக்கலன்னா அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பேன், அதையும் கேட்டுக்கும். ஆமென்."

அவரை மெக்கானிக் தூக்கிவிட்டான். நர்ஸ் பெட்டியைத் திறந்து சட்டைகளை அலமாரியில் அடுக்கினாள், மாத்திரை அட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாக இருந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கார்க்காரர் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியேறினார். அவரைவிட வேகமாக அன்று யாரும் நகரவில்லை.

மூத்தவள்தான் கடைசி. படியில் இறங்கித் திரும்பி வந்து, கேஸை மூட வேண்டும் என்றாள். மறுபடி திரும்பி, குளியலறைத் தரை வழுக்கும் என்றாள். மூன்றாவது தடவை திரும்பியவள் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"வண்டி நிக்குது பாரு," என்றார்.

"நாளைக்கு ஆராதனைக்கு எட்டரைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"எட்டுக்கு நான் ரெடியா இருப்பேன்."

அவள் இறங்கினாள். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை நின்றார். பிறகு வாசல் கதவை இழுத்துச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டு, உள்ளிருந்து பூட்டினார்.